ஜோரி சொல்லாத முதலைக் கதை

ரெட்ரூத்,
திங்கட்கிழமை, மாலை ஐந்தரை மணி.

பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய கெரென்சா சித்தி அவர்களுக்கு, அக்காள் மகள் டாம்சின் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, பூனை, நான் ஆகிய மூவரும் உடலளவில் சௌக்கியம். அங்கே பென்ஸான்ஸில் தாங்களும், தங்கள் முதுகுவலியும், தாங்கள் வரவேற்பு மேசையில் அமர்ந்து காத்துவரும் பல் டாக்டரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை இங்கே வழக்கம்போல் பக்கவாட்டில் பெய்துகொண்டிருக்கிறது.

மரியாதை முடிந்தது, சித்தி. எனக்குப் பயமாக இருக்கிறது. சும்மா பயம் இல்லை, மத்தியானம் வாங்கிய, கறி அடைத்துச் சுட்ட பாஸ்டியைப் பாதியில் பூனைக்கு வைத்துவிட்ட பயம். இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, இதை அம்மாவிடம் சொல்லக் கூடாது. இரண்டு, புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் நீங்கள் எனக்காக ஒரு பொய் சொல்ல வேண்டும். போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று புருவத்தைத் தூக்காதீர்கள். என் போன் அம்மாவின் பிஸ்கட் டப்பாவுக்குள் மாதக் கடைசி வரை சிறையில் இருக்கிறது. குற்றம்: நம் வீட்டு வாசல் மணியை ஆடு கத்துகிற சத்தமாக மாற்றியது. தபால்காரர் பொத்தானை அழுத்திவிட்டு, பார்சலும் கையுமாகத் தோட்டத்தில் ஆட்டைத் தேடினார், மூன்று நாள். வீட்டு போனோ சமையலறையில், அம்மாவின் காதுக்கு அரை அடி தூரத்தில். அதனால்தான் அம்மாவின் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தபால்தலையைக் கடன் வாங்கி இந்தக் கடிதம். நாளைக் காலையில் போட்டால் புதன்கிழமை பதினோரு மணிக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் நான் தொலைந்தேன்.

அம்மா நம் வீட்டுக் கூடத்திலேயே ஊரார் பிள்ளைகள் மூன்று பேரைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வதும், போன வருஷம் ஒரு ஆய்வாளர் அம்மா வந்து மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ‘மேம்பாடு தேவை’ என்று எழுதிவிட்டுப் போனதும் உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் சுத்தமாக இருக்கிறார்களாம், சந்தோஷமாக இருக்கிறார்களாம், ஆனால் பேச்சு வளர்கிற மாதிரி அம்மா ஒன்றும் செய்வதில்லையாம். மறுபடியும் அதே மார்க் வாங்கினால் பெற்றோர் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள், அப்புறம் உரிமத்துக்கே ஆபத்து. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அம்மா மாதிரி வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களுக்குக் கைகொடுக்க என்று கவுன்சிலிலிருந்து மிஸஸ் பிளூவெட் என்ற ஒருவரை அனுப்பினார்கள். இரண்டு கையிலும் மோதிரம், வாய் நிறைய ‘ஆஹா’. அவர் வந்து நம் கூடத்துக் கம்பளத்தில் வெள்ளை டேப்பை ஒட்டி ஒரு சதுரம் போட்டார். அதுதான் மேடை. பிள்ளை கதை சொல்ல வேண்டும், பெரியவர் எழுத வேண்டும். பிள்ளை என்ன சொல்கிறதோ அது மட்டும், எழுத்துக்கு எழுத்து. ‘நாயி பறந்துச்சு’ என்றால் ‘நாயி பறந்துச்சு’தான். எப்படிப் பறக்கும், எங்கே பறந்தது என்று கேட்கக் கூடாது, திருத்தக் கூடாது. அப்புறம் அதை உரக்கப் படிக்கும்போது எல்லாரும் சதுரத்துக்குள் இறங்கி நடிக்க வேண்டும். கதை சொன்ன பிள்ளைக்கு என்ன வேஷம் பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

வில்ஃபுக்கு நாலு வயது. அவன் கதை எல்லாவற்றிலும் குப்பை லாரி வரும். நான் இதுவரை பதினாலு தடவை குப்பைத் தொட்டியாக நடித்திருக்கிறேன், நடிப்புக்கு அவசியமே இல்லை என்கிறாள் அம்மா. பிப்பாவுக்கு மூன்றரை. அவள் கதையில் முதலில் எல்லாருக்கும் கல்யாணம் ஆகும், உடனே எல்லாரும் செத்துப்போவார்கள், ‘முடிஞ்சுது’ என்று அவளே கை தட்டுவாள். மூன்றாவது ஆள் ஜோரி. இரண்டு வயது எட்டு மாசம். நம் வீட்டுக்கு வந்து எட்டு மாசமாகிறது, ஒரு சொல் பேசியதில்லை. வீட்டிலும் அப்படித்தானாம். அம்மா தினமும் அவன் எதிரில் பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்து, “ஜோரிக் கண்ணு, கதை சொல்றியா?” என்று கேட்பாள். அவன் மரக் கரண்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பான். அம்மா நோட்டில் ‘ஜோரி: இன்று கதை இல்லை’ என்று எழுதிவிட்டு எழுந்துபோவாள். எண்ணிப் பார்த்தேன், இருபத்துமூன்று ‘கதை இல்லை’.

சித்தி, மூன்று வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் பாய்லர் வெடித்து எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். பாய்லர் விஷயத்தில் நான் நிரபராதி. பிப்பா ஈரம் பண்ணிவிட்டாள் என்று அம்மா அவளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கீழே நான், நோட்டு, பேனா. கை அரித்தது. யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, கை அரித்தது, அவ்வளவுதான். இருபத்துநாலாவது ‘கதை இல்லை’ வரவேண்டிய இடத்தில் இப்படி எழுதினேன்:

‘ஜோரி: முதலை வந்துச்சு. வீடு பூரா தண்ணி. அம்மா மாடி ஏறிட்டாங்க. முதலைக்குப் பயம். அப்பா லைட்டைப் போட்டாரு. முதலை போயிடுச்சு.’

அம்மா இறங்கி வந்ததும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, “அம்மா, ஜோரி எங்கிட்ட கதை சொன்னான்”னு நோட்டை நீட்டினேன். திட்டம் என்னன்னா, மனசுக்குள்ள அஞ்சு எண்ணணும், அப்புறம் ‘ஏமாந்தியா!’ன்னு கத்தணும். மூணு எண்ணும்போது அம்மா பிள்ளைங்க உட்காருற குட்டி நாற்காலியில உட்கார்ந்துட்டா. நாலு எண்ணும்போது பிப்பாவோட ஈரத் துண்டாலேயே முகத்தை மூடிக்கிட்டா. அஞ்சு எண்ணி முடிக்கிறதுக்குள்ள தோள் குலுங்குது. எனக்கு ஆளைச் சிரிக்கவைக்கத் தெரியும், கோபப்படவைக்க அதைவிட நல்லாத் தெரியும். அழறவங்ககிட்ட ‘ஏமாந்தியா’ன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ரெண்டு நிமிஷம் கழிச்சு சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அந்த ரெண்டு நிமிஷம்தான் இன்னைக்கு வரைக்கும் முடியல.

எட்டு மாசம் ஒரு சொல் பேசாத பையன் எடுத்த எடுப்பில் ஆறு வாக்கியம் பேசுவானா என்று யாராவது ஒருத்தர் கேட்க வேண்டாமா, சித்தி? கேட்க மாட்டார்களே! நாய் பறந்தாலே கேட்கக் கூடாது. அம்மா உடனே ஜோரியின் அம்மா எலோவெனுக்கு போன் பண்ணினாள். எலோவென் பேக்கரியில் ரொட்டி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அழுதாளாம், நாற்பது ரொட்டி கரி. சாயங்காலம் ஜோரியின் அப்பா ரோவன், அதுதான் எங்கள் பள்ளிக்கூட வழியில் போகும் பஸ்ஸின் டிரைவர், சீருடையோடு வந்து நோட்டைப் படித்தார். படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணி! அக்கா, ஜனவரியில எங்க வீட்டுக் குழாய் வெடிச்சுச்சே! எலோவென் மாடிக்கு ஓடினா. நான்தான் லைட்டைப் போட்டேன். நான்தான்க்கா போட்டேன்! அப்ப எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்திருக்கான் பாருங்க, குட்டிப் பய!”

“அப்போ அந்த முதலை?” என்றாள் அம்மா.

ரோவன் கொஞ்சம் யோசித்தார். “அன்னைக்கு என் மாமியார் வந்திருந்தாங்க.”

அந்த நிமிஷம் நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை, சித்தி. என் வாழ்க்கையில் இப்படி ஒரு வாய்ப்பு வந்து நான் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. முதலுக்கே மோசம் என்பார்கள், எனக்கு முதலையால் மோசம்.

மறு வாரம் மிஸஸ் பிளூவெட் வந்தார். நோட்டைப் பார்த்து ஒன்பது ‘ஆஹா’. “முதலைக்குப் பயம்! கவனிச்சீங்களா மோர்வென்னா? பையனுக்கு இல்ல, முதலைக்குப் பயம்! என்ன மனசு!” என்று அம்மாவைப் பார்த்து மோதிரக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அப்புறம் நடிப்பு. முதலையாக நானே நடிக்கிறேன் என்று அவரே கம்பளத்தில் குப்புறப் படுத்து ஊர ஆரம்பித்தார். அம்மா சோபாவில் ஏறினாள். பிப்பா, “நான் கல்யாணப் பொண்ணு” என்று சதுரத்துக்குள் வந்து உடனே செத்துப்போனாள். வில்ஃப் உருமிக்கொண்டே வந்தான்.

“இந்தக் கதையில குப்பை லாரி இல்லையே, கண்ணு,” என்றார் முதலை.

“அப்போ உங்களை யாரு தூக்கிட்டுப் போறது?” என்றான் வில்ஃப். நியாயமான கேள்வி.

கதாசிரியர் ஜோரி மேசைக்கு அடியில் போய்க் குங்குமப்பூ பன்னைத் தின்றுகொண்டிருந்தான். என்ன வேஷம் வேணும் என்று அம்மா கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டாள். அவன் திரும்பவே இல்லை. “தொந்தரவு பண்ணாதீங்க!” என்று தரையிலிருந்து மிஸஸ் பிளூவெட் கையைத் தூக்கினார். “அவன் தண்ணி! தண்ணி தாழ்வான இடத்துக்குத்தானே போகும்!” சித்தி, அவன் என்ன செய்தாலும் அது மேதைத்தனம் ஆகிவிட்டது. செய்யாவிட்டால் இன்னும் பெரிய மேதைத்தனம். நூலகத்து ஹாலில் மாதாந்தரக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். அம்மா மாதிரியே வீட்டில் பிள்ளை பார்க்கிற பதினோரு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். அம்மா கை தட்டல் வாங்கினது அதுதான் முதல் தடவையாம், வீட்டுக்கு வரும்போது சொன்னாள். நான் கதை விட்டேன், அவர்கள் கதையை விட மாட்டேன் என்கிறார்கள்.

இதுவரை என்றால்கூட நான் சமாளித்திருப்பேன். இன்றைக்கு இரண்டு இடி. காலையில் பதினோரு மணிக்கு போன்: வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வருகிறார். அன்றைக்கு ஆசிரியர் பயிற்சி என்று எனக்கும் பள்ளிக்கூடம் இல்லை, நானும் வீட்டில் இருக்க வேண்டும். நோட்டை மேசை மேல் விரித்து, ஜோரி கதை இருக்கிற பக்கத்தைத் திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறார் மிஸஸ் பிளூவெட். இரண்டாவது இடி சாயங்காலம், வாசலில்.

“அக்கா, ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒருவழியா தேதி வந்துடுச்சு. வியாழக்கிழமை ஒன்பது நாப்பது. ஏழு மாசமாக் காத்திருந்தோம், பையன் ஏன் பேச மாட்டேங்கிறான்னு பாக்க,” என்றார் ரோவன். “இனிமே எதுக்கு? வேண்டாம்னு சொல்லிடப்போறேன். புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள சொன்னா வேற ஒரு பிள்ளைக்குக் குடுப்பாங்களாம். பாவம், நெசமாவே பேசாத பிள்ளை எத்தனையோ இருக்கும்ல.”

“அவசரப்படாதீங்க ரோவன்,” என்றாள் அம்மா. “என் காதுல இன்னும் ஒரு வார்த்தை விழலையே.”

“டாம்சின் காதுல விழுந்துச்சே! என்ன கண்ணு, நீதானே கேட்டே?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பூனைகூடப் பார்த்தது. நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். ஆமான்னும் வெச்சுக்கலாம், இல்லைன்னும் வெச்சுக்கலாம். அவர் ஆமான்னு வெச்சுக்கிட்டார்.

பாருங்க சித்தி, சொன்னா அம்மா கதை முடிஞ்சுது. நோட்டுல பொய் எழுதி, அதைக் கவுன்சிலுக்குக் காட்டி, பதினோரு பேர்கிட்ட கை தட்டல் வாங்கினவங்கன்னு பேராயிடும், வெள்ளிக்கிழமை ஆய்வாளர் சிவப்பு மையில கையெழுத்துப் போடுவாங்க. சொல்லலைன்னா ஜோரிக்கு அந்தத் தேதி போயிடும், மறுபடியும் வரிசையில கடைசியில நிக்கணும், இன்னும் ஏழு மாசம் கரண்டி அடுக்கணும். அவனுக்கு என்னன்னே யாருக்கும் தெரியாது. போன வாரம் அவன் பின்னாடி வில்ஃப் தட்டையெல்லாம் கீழ போட்டான், நான் எகிறிக் குதிச்சேன், அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிப்பா இன்னைக்குச் சொன்ன கதை என்ன தெரியுமா? ‘டாம்சின் ஜெயிலுக்குப் போனா. அங்க கல்யாணம் ஆச்சு. எல்லாரும் செத்துட்டாங்க.’ அம்மா அதையும் எழுத்துக்கு எழுத்து எழுதினா. நான்தான் டாம்சினா நடிச்சேன்.

ஆகவே திட்டம். நீங்கள் புதன்கிழமை பதினோரு மணிக்கு ரோவனுக்கு போன் பண்ண வேண்டும். எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இருபது வருஷமாகப் பல்வலிக்காரர்களை விரட்டிய உங்கள் குரல் இதற்கென்றே படைக்கப்பட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன், இந்த வாரம் எந்தத் தேதியையும் ரத்து செய்ய முடியாது, கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை, பையனைக் கூட்டிக்கொண்டு வந்தே ஆகவேண்டும் என்று சொல்லுங்கள். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்த நாட்டில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். நடுவில் ஒரு தடவை ‘கொஞ்சம் லைன்ல இருங்க’ என்று சொல்லி அவரைக் காக்கவையுங்கள், அப்போதுதான் உண்மையான ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்.

முதுகுக்குச் சூடு வைக்கவும். பல் டாக்டருக்கு என் வணக்கம், அவர் வேண்டாம் என்ற மிட்டாயை இப்போதெல்லாம் தொடுவதில்லை, பயத்தில் பசியே இல்லை. தங்கள் ஆசியும், அதைவிட அவசரமாகத் தங்கள் போனும் வேண்டிக் காத்திருக்கும்,

தங்கள் அன்புள்ள, நடுங்கும்,
டாம்சின்.

பி.கு. (வியாழக்கிழமை, சாயங்காலம் நாலரை): மேலே எழுதினது எதையும் செய்ய வேண்டாம். யாருக்கும் போன் பண்ண வேண்டாம். அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு எழுதினதையும் அடிச்சுடுங்க, இந்தக் கவரை ஒட்டப்போறதே அம்மாதான்.

செவ்வாய்க்கிழமை காலையில கடிதத்தோட பஸ் ஏறினேன், பள்ளிக்கூட வாசல்ல தபால்பெட்டி இருக்கே, அங்க போடலாம்னு. ரோவன்தான் ஓட்டினார். ஏறுற ஒவ்வொருத்தர்கிட்டயும் முதலைக் கதையைச் சொல்லிட்டுத்தான் டிக்கெட் கொடுத்தார். என்னைப் பாத்ததும், “கண்ணு, புதன்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இன்னைக்கே சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லிடறேன்”னார். சித்தி, உங்க போன் புதன்கிழமைதான். கணக்குப் போட நேரமில்ல. “ஜோரி சொல்லலை. நான்தான் எழுதினேன்”னு வந்துடுச்சு வெளியே. எனக்கே கேக்கலையோன்னு மறுபடியும் சத்தமாச் சொன்னேன். பின்னாடி ஒரு அம்மா, “யாரு, முதலையையா?”ன்னு கேட்டாங்க. ரோவன் முன்னாடி கண்ணாடி வழியா ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தார். அப்புறம், “போய் உட்காரு. நீ நின்னா வண்டியை எடுக்க முடியாது”ன்னார். பள்ளிக்கூடம் வரைக்கும் யாருக்கும் முதலைக் கதை சொல்லாமலே டிக்கெட் கொடுத்தார். பன்னிரண்டு நிறுத்தம் சித்தி.

சாயங்காலம் அம்மாகிட்டயும் நானே சொல்லிட்டேன். அம்மா திட்டலை. அதுதான் கொடுமை. பக்கத்தைக் கிழிச்சிடவான்னு கேட்டேன். “கிழிச்சா ரெண்டு பொய்யாயிடும்டி”ன்னு சொல்லி, ஜோரின்னு இருந்த இடத்தை அடிச்சுட்டு ‘டாம்சின், வயது பதினைந்து’ன்னு எழுதினா. அப்புறம் மிஸஸ் பிளூவெட்டுக்கு போன் போட்டு, “நீயே சொல்லு”ன்னு எங்கிட்ட நீட்டினா. சொன்னேன். அந்தப் பக்கத்துலேர்ந்து சின்னக் குரல்ல, “அப்போ நான் எதுக்கும்மா ஊர்ந்தேன்?”னு கேட்டாங்க. ஒரு ‘ஆஹா’கூட இல்ல.

இன்னைக்கு ஒன்பது நாப்பதுக்கு ஜோரியைக் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு காதுக்குள்ளயும் பசை மாதிரி நீர் கட்டியிருக்காம். சுவருக்கு அந்தப் பக்கம் பேசுற மாதிரிதான் அவனுக்கு நாம பேசுறது கேட்டிருக்கும்னாராம் டாக்டர். மூணு மாசம் பாப்பாங்க, சரியாகலைன்னா காதுக்குள்ள சின்னக் குழாய் வைப்பாங்க. இன்னும் ஏழு மாசம் தள்ளியிருந்தா ரொம்பக் கஷ்டம்னாராம். ரோவன் இப்போ சாயங்கால டூட்டிக்குப் போற வழியில அவனை விட்டுட்டுப் போறப்போ வாசல்ல நின்னு, “மூணு வாரம் நான் சந்தோஷமா இருந்தேன். அதுக்கு உன்னை என்ன பண்றதுன்னு தெரியல”ன்னு சொன்னார். எனக்கும் தெரியல. ஆனா அவனை வேற வீட்டுல விடல. இங்கதான் விட்டுட்டுப் போயிருக்கார்.

நாளைக்கு ஆய்வாளர் வர்றாங்க. நோட்டு மேசை மேலதான் இருக்கும், அதே பக்கம், அடிச்ச பேரோட. ஜோரி முகத்துக்கு நேரா, வெளிச்சத்துல உட்கார்ந்து, கையாலயும் முகத்தாலயும் நடிச்சு நடிச்சுக் கதை சொல்லணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். “நீதான் சொல்லப்போற”ன்னா அம்மா. அந்த ஆய்வாளரம்மா முன்னாடியான்னேன். அந்தம்மா முன்னாடிதான்னா. பதினஞ்சு வருஷமா வாயை மூடு, வாயை மூடுன்னவ, “வாயை நல்லாத் திற, மெதுவாச் சொல்லு”ங்கிறா. இப்பவே ஒத்திகைக்குக் கூப்பிடறா. என்ன கதை சொல்றதுன்னு தெரியல. ஜன்னல் பக்கத்துல அவனை என் நாற்காலிக்கு எதிர்ல உட்காரவெச்சாச்சு. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, என் வாயையே பாத்துக்கிட்டிருக்கான். பயமா இருக்கு, சித்தி.